திரையில் நின்றுபோன வரி

எண்ணூருக்கும் மணலிக்கும் நடுவே சரக்குப் பெட்டக யார்டுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. சென்னைத் துறைமுகத்தில் பெட்டக முனையம் 1983-இல் தொடங்கியது. அதன் பிறகு சாத்தாங்காடு, விச்சூர், ஆண்டார்குப்பம் என்று வடக்கும் மேற்குமாக யார்டுகள் பெருகின. கப்பலேறும் முன் பெட்டி சுங்கச் சோதனைக்கு நிற்பதும், கப்பலிலிருந்து இறங்கிய பெட்டியைத் திறந்து சரக்கைப் பிரித்துக் கொடுப்பதும் இங்கேதான். 2012-இல் அப்படி ஒரு யார்டின் கேட் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் வேலை நான் இருந்த சிறிய நிறுவனத்துக்கு வந்தது. நான் கதிவாக்கத்துக்காரன் என்பதால் என்னை அனுப்பினார்கள்.

மென்பொருளை எழுதியது நாங்கள் அல்ல. வேறொரு நிறுவனம் எழுதிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தம் முடிந்ததும் விலகியிருந்தது. ஜாவாவில் எழுதப்பட்டு, டாம்கேட் சர்வரில் ஓடிக்கொண்டிருந்த வலைச் செயலி அது. கேட்டுக்கு வெளியே தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, அதற்குள் ஒரு தொடுதிரை. டிரைவர் வண்டி எண்ணைத் தட்டினால் டோக்கன் வரும். எந்த கேட், எந்த எடைமேடை, பெட்டியை எந்த பிளாக்கில் இறக்க வேண்டும் என்று திரை சொல்லும். நாள் முழுதும், இரவு முழுதும் டிரெய்லர்கள் வந்துகொண்டே இருக்கும். டிரைவர்களில் பாதிப் பேருக்கு மேல் தமிழர்கள். மற்றவர்கள் ஆந்திரக்காரர்கள், பீகார், உத்தரப்பிரதேசத்துப் பிள்ளைகள்.

என் சித்தப்பாவும் டிரெய்லர் ஓட்டியவர்தான். எட்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தார். தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் படிப்பார். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வரிசையில் நாள்கணக்காக வண்டிகள் நின்ற காலம் அது. சக டிரைவர்களை உட்காரவைத்துச் செய்தி படித்துக்காட்டுவார். அந்த மனிதர் ஒரு யார்டில் ஆங்கிலத் திரைக்கு முன் நின்று, பக்கத்து வண்டி கிளீனர் பையனைக் கூப்பிட்டு, "இதுல இன்னா போட்டுருக்குது பாருப்பா" என்று கேட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பத்திரிகை படிக்கும் மனிதரை ஒரு திரை எழுதப் படிக்கத் தெரியாதவர் ஆக்கிவிட்டது. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை. எனவே கேட் திரையைத் தமிழில் கொண்டுவரச் சொல்லி யார்டு நிர்வாகமே கேட்டபோது, வேறு யாருக்கும் விடாமல் அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

ஜாவாவில் இதற்கு 1997-இல் வந்த 1.1 பதிப்பிலிருந்தே ஏற்பாடு இருக்கிறது. திரையில் வரும் வாசகங்களை நிரலுக்குள் எழுதாமல் தனிக் கோப்பில் வைப்பார்கள். ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரு சாவிப்பெயர், பிறகு சமக்குறி, பிறகு வாசகம். மொழிக்கு ஒரு கோப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் மொழிக்குறி எதுவும் இல்லாத அடிப்படைக் கோப்பு ஒன்று இருக்கும். தமிழ்க் கோப்பின் பெயரோடு 'டிஏ' என்ற மொழிக்குறி சேரும். இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ் என்று பிரிக்க வேண்டுமானால் அதன் பின்னால் நாட்டுக்குறியும் சேரும். இந்தக் கோப்புத் தொகுதிக்கு ரிசோர்ஸ் பண்டில் என்று பெயர். நிரல் ஒரு சாவியைக் கேட்டதும் முதலில் இந்தியத் தமிழில் தேடும், அங்கே இல்லாவிட்டால் பொதுத் தமிழில், அங்கும் இல்லாவிட்டால் அடிப்படைக் கோப்பில். யோசித்துச் செய்த ஏற்பாடு. இதைச் செய்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

அதற்குள் தமிழை எழுதுவதுதான் பெரும்பாடு. அன்றைய ஜாவா இந்தக் கோப்புகளை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறிமுறையில்தான் படித்தது. தமிழ் எழுத்தை நேராக எழுதினால் திரையில் குப்பையாக வரும். ஒவ்வொரு யூனிகோடு குறியையும் ஒரு பின்சாய்கோடு, ஒரு யூ, அதன்பின் நான்கு இலக்கம் என்று ஆறு இடத்தில் எழுத வேண்டும். 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறி. கோப்பில் அது முப்பது இடத்தை அடைக்கும். ஜாவாவோடு வரும் 'நேட்டிவ் டு ஆஸ்கி' என்ற கருவி இந்த மாற்றத்தைச் செய்து தரும்.

அதற்கு முன்னால் இன்னொரு மாற்றமும் இருந்தது. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. ஆனாலும் தட்டச்சு நிலையங்களும் அலுவலகங்களும் பழைய எழுத்துருக்களை உடனே விட்டுவிடவில்லை. மொழிபெயர்த்து வாங்கிய வாசகங்கள் எனக்குப் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் வந்தன. பாமினியிலிருந்து யூனிகோடுக்கும், யூனிகோடிலிருந்து இந்த ஆறு இடத்துக் குறிகளுக்கும் மாற்றி, ஒவ்வொரு வரியையும் திரையில் ஏற்றிப் படித்துச் சரிபார்த்தேன். கொம்பும் காலும் இடம் மாறிய வரிகள் நிறைய இருந்தன. தமிழ்த் திரை வந்த அன்று சித்தப்பாவை அழைத்துப் போய்க் காட்டினேன். ஒவ்வொரு பொத்தானாக உரக்கப் படித்தார்.

கேட் ஆபீசில் திருவொற்றியூரிலிருந்து வரும் ஒரு அக்கா இருந்தார். பதவியின் பெயர் கிளார்க், ஆனால் யார்டின் மொத்த நடப்பும் அவர் விரல்நுனியில். எந்த எடைமேடை பழுது, பெட்டி தூக்கும் வண்டி எது நிற்கிறது, இரவு எந்த கேட்டைப் பூட்டுவார்கள் என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். திரையில் வரும் அறிவிப்பு வரிகளை மாற்றும் பொறுப்பும் அவருடையது. அதற்காகச் செயலிக்குள் ஒரு சிறிய பக்கம் இருந்தது. வரியைத் திருத்தி, சேமி என்ற பொத்தானை அழுத்தினால், 'சேமிக்கப்பட்டது' என்று பச்சை நிறத்தில் காட்டும். அந்தப் பக்கத்தைத் தயாரித்தது முன்னால் இருந்த நிறுவனம்.

அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையில் ஒரு நாள் மாலை இரண்டாம் கேட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. கொசஸ்தலையாற்றின் முகத்துவாரமும் பக்கிங்ஹாம் கால்வாயும் தூர்ந்து கிடக்கும் ஊர் இது. கழிவெளியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. நல்ல மழை பெய்தால் தண்ணீருக்குப் போக வழியில்லை. ஏற்றுமதி வண்டிகள் அனைத்தையும் நாலாம் கேட்டுக்குத் திருப்ப முடிவானது. அக்கா உடனே வரியைத் திருத்தினார். பச்சை எழுத்து வந்தது. சர்வரில் கோப்பைத் திறந்து பார்த்தால் புதிய வரி அதில் இருந்தது. ஆனால் கொட்டகைத் திரை மட்டும் இரண்டாம் கேட் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

டிரைவர்கள் திரை சொன்னபடியே போனார்கள். நாற்பதடிப் பெட்டியோடு ஒரு டிரெய்லர் தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் பின்னால் எடுப்பது லேசில்லை. பின்னால் அடுத்த வண்டி நிற்கும், அதற்குப் பின்னால் இன்னொன்று. சற்று நேரத்தில் வரிசை சாலைவரை போய்விட்டது. டாம்கேட்டை நிறுத்தி மறுபடி இயக்கினால் புதிய வரி வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் உள்ளே போயிருந்த வண்டிகளின் டோக்கன் விவரம் சர்வரின் தற்காலிக நினைவில் மட்டுமே இருந்தது. நிறுத்தினால் எல்லாம் போய்விடும், எந்தப் பெட்டி எங்கே என்று விடிய விடியத் தேட வேண்டும். சூப்பர்வைசர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் மறுத்ததில் நியாயம் இருந்தது.

கடைசியில் அந்த அக்கா ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து, மார்க்கர் பேனாவால் 'எல்லா வண்டியும் நாலாம் கேட்' என்று பெரிதாக எழுதி, குடையோடு போய்த் திரைக்கு முன்னால் நின்றுகொண்டார். இரவு ஷிப்டுக்கு ஆள் வரும்வரை நின்றார். நான் அவர் பக்கத்தில் நின்று, வருகிற ஒவ்வொரு டிரைவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பல லட்சம் செலவழித்துப் போட்ட திரையை அட்டையால் மறைத்துக்கொண்டுதான் அன்று வேலை நடந்தது.

"நான் மாத்திட்டேன். அதுவும் மாத்திட்டேன்னு சொல்லுது. ஆனா மாறல. அப்ப அது பொய்தான தம்பி?" என்று கேட்டார்.

பொய்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எழுதியவர்களின் கவனக்குறைவால் வந்த பொய் என்றாலும் பொய்தான்.

காரணத்தை அடுத்த சில நாள்களில் தோண்டி எடுத்தேன். ஜாவா ஒரு பண்டிலை ஒருமுறை படித்தால் நினைவில் வைத்துக்கொள்ளும். கேச் என்று சொல்வது அதைத்தான். ஒரு பக்கத்தில் பல பத்து வாசகங்கள் இருக்கும். ஒவ்வொரு முறையும் வட்டிலிருந்து கோப்பைத் திறந்து படித்தால் செயலி தவழும். எனவே கேச் வேண்டியதுதான், அதில் சண்டை இல்லை. கேள்வியெல்லாம் எவ்வளவு நேரத்துக்கு என்பதுதான். ஜாவாவின் இயல்பு அமைப்பில் அதற்குக் காலாவதி கிடையாது. சர்வரின் நினைவகம் நெருக்கடியானால் சிலவற்றைக் கைவிடலாம், அவ்வளவுதான். மற்றபடி கோப்பு மாறியதா என்று திரும்பிப் பார்க்காது.

2006 டிசம்பரில் வந்த ஜாவா 6-இல் இதை மாற்ற வழி தந்தார்கள். கன்ட்ரோல் என்ற வகுப்பை நீட்டித்து, ஒரு பண்டில் இத்தனை மில்லிவினாடிக்குச் செல்லும் என்று குறிப்பிடலாம். அந்த நேரம் கடந்தபின் கேட்டால் கோப்பின் தேதியைப் பார்த்து, மாறியிருந்தால் மறுபடி படிக்கும். கேச் மொத்தத்தையும் துடைக்கும் கட்டளையும் அதே பதிப்பில் வந்தது. நாங்கள் ஏற்றுக்கொண்ட செயலி ஜாவா 6-இல்தான் ஓடியது, ஆனால் இந்த வசதிகளில் ஒன்றைக்கூட அது தொடவில்லை. பக்கங்கள் எல்லாம் ஜாவா வலைப்பக்கங்களுக்கான ஜே.எஸ்.டி.எல். குறிகளால் வாசகங்களை எடுத்தன. அவை நேரே போய் ஜாவாவின் இயல்பு அமைப்பில்தான் முடியும். திருத்தும் பக்கம் கோப்பை மாற்றியது, காட்டும் பக்கம் கோப்பைப் பார்க்கவே இல்லை. இரண்டையும் எழுதியவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து பேசியிருந்தால் இது நடந்திருக்காது.

இன்னொரு கோளாறும் தெரியவந்தது. கோப்பு செயலிக்கு உள்ளேயே, வகுப்புகள் இருக்கும் அடைவில் கிடந்தது. புதிய பதிப்பு ஏற்றும்போதெல்லாம் அக்கா திருத்திவைத்த வரிகள் அழிந்து பழைய வரிகள் திரும்பி வந்திருக்கின்றன. தான் எழுதியது தானாக மறைகிறது என்று அவர் பலமுறை சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை. நிரலர்களின் அறிக்கையில் அது எங்கும் இல்லை. அவருடைய நோட்டுப்புத்தகத்தில் தேதியோடு இருந்தது.

செய்த திருத்தத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இன்று இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும். முதலில் வாசகக் கோப்புகளைச் செயலிக்கு வெளியே தனி அடைவுக்குக் கொண்டுபோனோம். புதிய பதிப்பு வந்தாலும் அங்கே கை படாது. பிறகு பக்கங்களை ஜாவாவுக்கான ஸ்பிரிங் என்ற சட்டகத்துக்கு மாற்றினோம். அதில் மறுபடி ஏற்றக்கூடிய மெசேஜ் சோர்ஸ் வகுப்பு ஒன்று உண்டு. வெளி அடைவிலிருந்து படிக்கும், எந்தக் குறிமுறை என்று நாமே சொல்லலாம். அதனால் யூனிகோடு தமிழை அப்படியே கோப்பில் எழுத முடிந்தது. ஆறு இடத்துக் குறிகளிலிருந்து விடுதலை. அக்காவின் கணினியில் கோப்பைத் திறந்து, தமிழ் தமிழாகவே தெரிந்ததைக் காட்டிய நாள் எனக்கு மிகவும் மகிழ்ச்சியான நாள்.

ஆனால் சரியான வகுப்பைத் தேர்ந்துவிட்டதாலேயே வேலை முடிந்துவிடாது. அதிலும் கேச் வினாடிகள் என்ற அமைப்பு இயல்பாக மைனஸ் ஒன்றில்தான் இருக்கும். மைனஸ் ஒன்று என்றால் காலம் முழுவதும் பழைய வாசகமே. பெயரில் 'ரீலோடபிள்' என்று இருப்பதை நம்பி இந்த எண்ணைத் தொடாமல் விட்டவர்களைப் பிற்பாடு பல அலுவலகங்களில் பார்த்தேன். பூஜ்யம் என்று வைத்தால் ஒவ்வொரு வாசகம் கேட்கும்போதும் கோப்பின் தேதியைப் பார்க்கும். நடப்புச் சர்வரில் அப்படி வைக்காதீர்கள் என்று ஸ்பிரிங் ஆவணமே எச்சரிக்கிறது. எங்கள் மூத்த நிரலர் ஒரு மணி நேரம் போதும் என்றார். நான் கேட் ஆபீசுக்குப் போய் அக்காவிடம் கேட்டேன்.

"டோக்கன் எடுத்துட்டு வண்டில ஏறி கியர் போட அரை நிமிஷம் ஆவும். அதுக்குள்ள மாறினா போதும்" என்றார்.

முப்பது வினாடி என்று வைத்தோம். சர்வர் தாங்காது என்று பயந்தவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். முப்பது வினாடிக்கு ஒருமுறை ஒரு கோப்பின் தேதியைப் பார்ப்பது சர்வருக்குச் சுமையே அல்ல. தேதி மாறாவிட்டால் கோப்பைத் திறக்கக்கூடத் தேவையில்லை, இருப்பதையே அடுத்த முப்பது வினாடிக்கு வைத்துக்கொள்ளும். அந்த எண்ணை நாங்கள் பிறகு மாற்றவே இல்லை.

இரண்டு டாம்கேட் சர்வர்கள் ஓடியதால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டியிருந்தது. கேச் ஒவ்வொரு சர்வருக்கும் தனி. ஒன்றில் துடைத்தால் மற்றதில் துடைபடாது. கேச்சைத் துடைக்கும் பொத்தான் ஒன்று வைத்தால் போதும் என்று சிலர் சொன்னதை இதனால்தான் நான் ஏற்கவில்லை. இரண்டும் ஒரே அடைவைப் பார்க்கும்படி செய்து, அரை நிமிட இடைவெளியை ஏற்றுக்கொண்டோம். சர்வர் படிக்கும் நொடியில் கோப்பு பாதி எழுதப்பட்ட நிலையில் இருந்தால் ஆபத்து. அதனால் திருத்தத்தைத் தற்காலிகக் கோப்பில் முழுதாக எழுதி, பிறகு பெயரை மாற்றும்படி செய்தோம். லினக்ஸில் ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர்மாற்றம் ஒரே வீச்சில் நடப்பதால் பாதிக் கோப்பு என்பது யார் கண்ணிலும் படாது. சேமி பொத்தானுக்குப் பிறகு வரும் பச்சை வரியையும் மாற்றினோம்: 'பதிவாகிவிட்டது. அரை நிமிடத்தில் திரையில் வரும்.' அந்த வரி சொன்னது நடந்தது.

வட இந்திய டிரைவர்களுக்காக இந்திக் கோப்பு சேர்த்தபோது வேறொரு குணத்தைக் கண்டேன். இன்னும் மாற்றாமல் விட்டிருந்த சில பழைய பக்கங்களில் இந்தி வரவேயில்லை. கோப்பு இருக்கிறது, பெயர் சரி, இடம் சரி. ஜாவா இருப்பதை மட்டுமல்ல, இல்லாததையும் நினைவில் வைத்துக்கொள்கிறது என்பது அப்போதுதான் பிடிபட்டது. கோப்பு சேர்க்கும் முன்பே யாரோ இந்திப் பொத்தானைத் தொட்டிருக்கிறார். தேடிப் பார்த்து, இந்தி இல்லை என்று குறித்துக்கொண்டது. பிறகு கோப்பு வந்தும் அந்தக் குறிப்பு மாறவில்லை. அந்தப் பக்கங்களையும் உடனே மாற்றினோம்.

சர்வரின் சொந்த மொழி என்று ஒன்று இருப்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கேட்ட மொழிக்கான கோப்பு இல்லையென்றால், அடிப்படைக் கோப்புக்குப் போகும் முன் சர்வர் எந்த மொழியில் அமைந்திருக்கிறதோ அந்த மொழிக் கோப்பை ஜாவா தேடும். யாரோ நல்லெண்ணத்தில் சர்வரின் மொழியையே தமிழ் என்று மாற்றிவைத்தார்கள். எங்கள் ஆங்கில வாசகங்கள் அடிப்படைக் கோப்பில் மட்டும் இருந்தன, ஆங்கிலத்துக்கென்று தனிக் கோப்பு இல்லை. விளைவு, ஆங்கிலம் கேட்ட சுங்க முகவர்களுக்குத் தமிழ் வந்தது. ஒருவருக்குத் தெரியாத மொழியைத் திணிப்பது எந்தத் திசையில் நடந்தாலும் தவறுதான். சர்வர் மொழிக்குச் சாயாதே என்று ஸ்பிரிங்கில் ஓர் அமைப்பு உண்டு, ஜாவாவின் கன்ட்ரோல் வகுப்பிலும் உண்டு. அதைப் போட்டதும் சரியானது. மொழிகள் ஒன்றுக்கு மேற்பட்ட எந்தச் செயலியிலும் முதல் நாளே செய்ய வேண்டிய காரியம் இது.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. வாசகத்துக்குள் எண்ணைப் பொருத்தும் மெசேஜ் ஃபார்மட் வகுப்பு, டோக்கன் எண்ணையும் தொகை என்று நினைத்து நடுவில் காற்புள்ளி போடும். டோக்கனை எண்ணாகக் கொடுக்காமல் சரமாகக் கொடுத்தால் சரியாகிவிடும். ரூபாய்த் தொகையை நாம் எழுதும் லட்சக் கணக்கில் பிரிக்க ஜாவாவின் சொந்த எண் வடிவமைப்புக்குத் தெரியாது, மூன்று மூன்றாகத்தான் பிரிக்கும். ஐ.சி.யூ. என்ற நிரல் நூலகத்தைச் சேர்த்தால் வரும். மாதப் பெயர்கள் தமிழில் வர, நாங்களே ஒரு பட்டியல் எழுதிக்கொண்டோம், அன்றைய ஜாவாவின் இயல்புத் தரவில் தமிழ் இல்லை.

இவை தீர்ந்தபின் நடந்ததுதான் எனக்கு முக்கியம். அக்கா திரையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். 'சீல் உடைந்திருந்தால் கேட்டைத் தாண்டாதீர்கள், முதலில் ஆபீசில் சொல்லுங்கள்' என்று எழுதினார். அதற்கு முன் சீல் பிரச்சினையில் பழி டிரைவர் தலையில் விழுவது வழக்கமாக இருந்தது. 'நாலாம் கேட் பக்கம் குடிதண்ணீர் இருக்கிறது' என்று எழுதினார். இரவில் எடைமேடை நின்றால், எப்போது சரியாகும் என்று நேரத்தோடு எழுதினார். சரியாகாவிட்டால் நேரத்தை மாற்றினார். திரையைப் பார்க்காமல் நேரே ஆபீஸ் ஜன்னலுக்கு வந்த டிரைவர்கள் மெல்லத் திரையைப் படிக்கத் தொடங்கினார்கள். திரை சொல்வது உண்மை என்று நம்பிக்கை வந்த பிறகு படித்தார்கள். 2014-இல் எண்ணூர்த் துறைமுகத்துக்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறியபோது, செயலியில் அந்தப் பெயர் வந்த வரிகளை எல்லாம் அவரே திருத்தி முடித்திருந்தார். எங்களுக்கு ஒரு போன்கூட வரவில்லை. ஒரு நிரலருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

2017 செப்டம்பரில் ஜாவா 9 வந்தது. பண்டில் கோப்புகளை யூனிகோடின் யூ.டி.எஃப். 8 வடிவிலேயே படிக்கும் என்று மாற்றினார்கள். நேட்டிவ் டு ஆஸ்கி கருவியை நீக்கினார்கள். மாதப் பெயர், நாள் பெயர்களுக்கு யூனிகோடு அமைப்பின் பொதுத் தரவு இயல்பாகச் சேர்ந்தது, அதில் தமிழ் இருக்கிறது. நாங்கள் ஓட்டை ஓட்டையாக அடைத்தவற்றில் பல அதிலேயே அடைபட்டன. ஆனால் கேச்சின் இயல்பு அமைப்பு அப்படியேதான் இருக்கிறது. நாம் சொல்லாதவரை அது பழைய வரியையே பிடித்துக்கொண்டிருக்கும்.

அறிவிப்பு படிப்பவருக்குப் புரிய வேண்டும் என்பது பழைய கொள்கைதான். 1948-இல் இயற்றி 2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, அந்தச் சட்டப்படி தொழிற்சாலையில் வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. போபால் நச்சுவாயுக் கசிவுக்குப் பிறகு 1987-இல் சேர்த்த 41-பி பிரிவு, அபாயகரமான தொழில் நடத்துபவர்கள் தொழிலாளர்களுக்கும் சுற்றி வாழும் மக்களுக்கும் ஆபத்தைப் பற்றிய விவரம் தர வேண்டும் என்றது. அறிவிப்புப் பலகை இருந்த இடத்தில் இன்று திரை இருக்கிறது. சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய பலகையை அங்கே நிற்பவர் அழித்து எழுத முடிந்தது. திரையில் அந்த வசதியை நாம் கெடுத்துவிடக் கூடாது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவு வந்து படகும் வலையும் நாசமாகி ஏறக்குறைய மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். எங்கள் உறவுக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். எந்தத் திசையில் ஓடுவது, எங்கே வண்டி நிற்கிறது என்பதை ஒருவருக்கொருவர் போனில் கேட்டுக்கொண்டே ஓடியதாகச் சொன்னார்கள். கேட் திரைகளும் கைபேசிச் செயலிகளும் எச்சரிக்கைப் பலகைகளும் இந்தப் பகுதியில் இனி இன்னும் அதிகமாக வரும். வர வேண்டும். அவற்றில் தமிழ் இருக்கிறதா என்று கேட்பதோடு, அந்தத் தமிழ் இந்த நிமிடத்துத் தமிழா என்றும் கேட்க வேண்டும். காற்று திரும்பிய பிறகும் வடக்கே போ என்று சொல்லும் திரை, இல்லாத திரையைவிட ஆபத்தானது.

இந்த வேலையில் இருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் செயலியில் வாசகக் கோப்பு எங்கே இருக்கிறது, அதைத் திருத்துபவர் யார், திருத்தியது எத்தனை வினாடியில் திரைக்கு வருகிறது என்ற மூன்றையும் இன்றே பாருங்கள். கேச் வினாடிக்கான எண்ணை அலுவலக அறையில் முடிவு செய்யாதீர்கள். திரைக்கு முன் நிற்பவரிடமும், அதில் எழுதுபவரிடமும் போய்க் கேட்டு, அவர்கள் சொல்லும் எண்ணைப் போடுங்கள்.